செடி முதலில், மீன் பிறகு

மருத்துவர்களின் காத்திருப்பு அறையிலும், உணவகங்களின் நுழைவாயிலிலும், ஏன், சில வங்கிக் கிளைகளின் வரவேற்புப் பகுதியிலும்கூடக் கண்ணாடி மீன்தொட்டி வைப்பது நம் நாட்டு நகரங்களில் வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் நீல வண்ணம் பூசிய கூழாங்கற்களும், பச்சை நெகிழிச் செடிகளும், காற்றுக்குமிழிக்கு வாய் திறந்து மூடும் சிப்பியொன்றும் இருக்கும். குறித்த நாளில் ஒருவர் வந்து தொட்டியைக் கழுவிச் செல்வார். அவ்வப்போது புது மீன்கள் வந்து சேரும். பழைய மீன்கள் என்னவாயின என்று எவரும் கேட்பதில்லை. நெகிழிச் செடி வாடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அது மீனுக்காக எதையும் செய்வதுமில்லை.

அதே தொட்டியில் உயிருள்ள செடிகளை வளர்க்கலாமே என்று சொன்னால், நம்மிடம் பேசும் நண்பர்கள் இரண்டு ஐயங்களை எழுப்புவார்கள். செலவு மிகுதியாகுமே என்பது ஒன்று. எங்கள் ஊர்த் தண்ணீரில் எதுவும் வளராதே என்பது மற்றொன்று. வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்த நமக்கு முதல் ஐயமே மனத்துக்கு நெருக்கமானது. எனினும், இரண்டாவதற்கு விடை கண்டுவிட்டால் முதலாவதின் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும் என்பதே, பல ஆண்டுகளாகச் சில தொட்டிகளைப் பேணியதில் நாம் அறிந்துகொண்டது.

செடி என்ன செய்கிறது?

ராபர்ட் வாரிங்டன் என்னும் இலண்டன் வேதியியலாளர் 1850இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணாடிக் கலத்தில் நீர் நிரப்பி, மணலும் கற்களும் இட்டு, இரண்டு சிறு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்து, தண்ணீரை மாற்றாமலேயே அவை வாழுமா என்று அவர் பார்த்தார். செடி வெளியிடும் உயிர்வளி மீனுக்கு உதவும். மீன் வெளியிடும் கரிவளி செடிக்கு உதவும் என்பதே கணக்கு. சில நாள்களில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன. தண்ணீர் மீண்டும் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையே வீட்டு மீன்தொட்டி என்னும் கருத்துக்கு அடித்தளமாயிற்று.

வாரிங்டன் எழுதாத, பின்னாளில் தெளிவான இன்னொரு செய்தியே மீன் வளர்ப்போருக்கு இன்றியமையாதது. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்களுள் ஒருவகை அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது தீங்கு குறைந்தது. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். ஞாயிறன்று தொட்டியையும் மீனையும் ஒருசேர வாங்கிவந்த வீட்டில் அடுத்த ஞாயிறுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதப்பதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று வீட்டார் எண்ணுவார்கள். பிள்ளைகள் இரண்டு நாள் உண்ண மறுப்பார்கள். பிறகு தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடும்.

நீர்த்தாவரங்கள் அம்மோனியாவை நேரடியாகவே உணவாக உறிஞ்சிக்கொள்பவை. ஆகவே விரைந்து வளரும் செடிகளை நிறைய நட்டு, அவை வேரூன்றிப் புதுத்தளிர் விடும்வரை ஒரு மாத காலம் மீனின்றியே தொட்டியை நடத்துவது சிறந்தது. பின்னர் நான்கைந்து சிறு மீன்களை விட்டால் அவற்றின் கழிவைச் செடியும் நுண்ணுயிரும் பகிர்ந்து ஏற்கும். வருவாய்க்கு வழி செய்துகொண்டு செலவைத் தொடங்குவது போன்றதே இது. அந்த ஒரு மாதம் வெறும் செடித்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமைதான் இக்கலையில் அரியது. பணம் அன்று.

உங்கள் குழாயில் வருவது எத்தகைய தண்ணீர்?

கடைக்குப் போகும் முன் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. வீட்டுத் தண்ணீர் மென்மையானதா, கடினமானதா என்று பாருங்கள். சோப்பு எளிதில் நுரைக்காமலும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறியும் இருந்தால் கடினநீர். வீட்டுக் குடிநீர்க் கருவியைப் பழுதுபார்க்க வருபவர் கையில் உள்ள டிடிஎஸ் மானி தண்ணீரில் கரைந்த உப்புகள் அனைத்தின் அளவையும் காட்டும். அது கடினத்தன்மையை மட்டும் தனித்துக் காட்டாவிடினும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். துல்லியமாக அறிய வண்ணமீன் கடைகளில் சோதனைப் பட்டைகள் விற்கின்றன.

வங்கி அலுவலர் வாழ்வு பணிமாற்றங்களால் ஆனது. அதனால் ஒரே செடி வெவ்வேறு ஊர்த் தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மும்பை மாநகரத்தின் குடிநீர் தான்சா, வைதர்ணா, பாட்சா முதலான நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. சஹ்யாத்ரி மலைச்சாரலின் மழைநீர் என்பதால் மென்மையானது. அங்கே ரோட்டாலா செடிகள் செந்நிறம் ஏறி வளர்ந்தன. தில்லிக்கு அருகே குருகிராமில் குடியேறியபோது கிடைத்ததோ ஆழ்துளைக் கிணற்று நீர். அதே ரோட்டாலா இரு வாரத்தில் நுனி சுருங்கி நின்றுவிட்டது. அதனுடன் ஒரே பொட்டலத்தில் பயணம் செய்த வாலிஸ்னேரியாவோ மும்பையில் வளர்ந்ததைவிட வேகமாக ஓடுதண்டுகள் விட்டுத் தொட்டியின் பின்சுவரை மறைத்தது.

இதற்கான காரணம் சுவையானது. செடிக்குக் கரி வேண்டும். நிலத்துச் செடி அதைக் காற்றிலுள்ள கரிவளியிலிருந்து பெறுகிறது. நீருக்குள்ளோ கரிவளி மிகக் குறைவு. கிடைப்பதும் மெல்லவே இலையை அடையும். இந்நிலையில் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம் போன்ற செடிகள் கடினநீரில் மிகுதியாகக் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பிரித்தெடுக்கும் திறன் கொண்டவை. நல்ல வெளிச்சத்தில் இவற்றின் இலைமேல் சுண்ணாம்புப் பொடி போல் வெண்படலம் படிவதைக் காணலாம். அது நோயன்று, பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய சுண்ணாம்பே. ரோட்டாலா மக்ராண்ட்ரா, கபோம்பா முதலியவை இத்திறன் அற்றவை. மென்மையான நீரையும் கரைந்த கரிவளியையும் நம்பியிருப்பவை.

எங்கள் ஊர்த் தண்ணீரில் எதுவும் வளராது என்பது இவ்வாறு பொய்யாகிறது. வளரத்தக்கது எது என்று தேர்ந்தெடுக்காததே குறை. பள்ளி ஆய்வகத்தில் கவிழ்த்த புனலுக்கும் சோதனைக்குழாய்க்கும் கீழே நாம் எல்லாரும் வைத்துப் பார்த்த ஹைட்ரில்லாவைவிடக் கடினநீருக்கு உகந்த செடி வேறென்ன வேண்டும்? அது ஏரியில் கிடப்பது என்பதால் கடைகளில் மதிப்பில்லை, அவ்வளவுதான்.

கடினநீர் ஊரில் இருந்துகொண்டு மென்னீர்ச் செடிதான் வேண்டும் என்போர், குடிநீர்க் கருவியின் தூய நீரையும் குழாய் நீரையும் பாதிப்பாதி கலக்கலாம். தூய நீரை மட்டும் ஊற்றுவது தவறு. செடிக்கும் மீனுக்கும் வேண்டிய சுண்ணமும் மக்னீசியமும் அதில் இல்லை. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீர் குழாய் நீரைவிடவும் உப்பு மிக்கது. அதைத் தொட்டிக்குத் திருப்பும் சிக்கனம் வேண்டாம். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்குமாதலால் அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுவது பழைய, நல்ல வழக்கம்.

நம் நாட்டுச் செடிகள்

அயல்நாட்டுப் பெயர் ஒட்டிய கிண்ணங்களில் விற்கப்படும் செடிகளுள் பல நம் வாய்க்கால்களில் பிறந்தவை என்பது வாங்குவோர் பலருக்குத் தெரியாது. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் செடி இந்தியாவுக்கு உரியது. சித்த மருத்துவத்தில் பயன்படும் நம் நீர்முள்ளி இதே பேரினத்தைச் சேர்ந்தது. பகோப்பா என்று விற்பதோ சாட்சாத் நீர்ப்பிரமி. மெதுவாக வளரும், ஆனால் கவனிப்பு ஏதும் கேட்காது. அப்போனோஜிட்டான் கிழங்குகளின் உறவுதான் நம் குளங்களில் ஆம்பலோடு மிதக்கும் கொட்டி. செரட்டாப்டரிஸ் என்னும் நீர்ப்பெரணி நம் வயல்வெளிப் பள்ளங்களிலும் காணப்படுவது. மென்னீர்ச் செடிகளின் அரசி எனத்தக்க ரோட்டாலா மக்ராண்ட்ராவும், சுருள்பாளை விடும் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸும் தென்னிந்தியாவுக்கு உரியவை. உலகமெங்கும் மீன்தொட்டிகளில் நிற்கும் கிரிப்டோகோரைன் வென்டியை இயற்கையில் காணவேண்டுமானால் இலங்கைக்குத்தான் போகவேண்டும்.

கொல்கத்தாவின் பாக்பஜார் அருகே கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் மீனும் செடியும் வாங்கக் கூட்டம் நெருக்கும். அங்கே நின்று பார்த்தால் உயர்ந்த விலைச் செடியும் உழக்கு விலைச் செடியும் ஒரே வாளியிலிருந்து வருவது புரியும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது வளர்ப்புப் பண்ணையில் பெருக்கியதா, ஓடையிலிருந்து பிடுங்கியதா? மேற்குத்தொடர்ச்சி மலையின் சில செடிகள் ஓரிரு ஓடைகளிலேயே வாழ்பவை. அவற்றைப் பறித்து விற்பதை ஊக்குவிக்க நாம் விரும்பவில்லை. பண்ணைச் செடி பெரும்பாலும் நீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டிக்குள் நட்டவுடன் பழைய இலைகள் மஞ்சளித்து உதிரும். நீருக்கடியில் வாழத்தக்க மெல்லிய புதிய இலைகள் வேறு வடிவில் தோன்றும். இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிவோர் பலரும் எறிவது இந்த இடைக்காலத்தில்தான்.

கிரிப்டோகோரைன் இதில் இன்னும் ஒரு படி மேலே. இடம் மாறினால் அதன் இலைகள் அனைத்தும் கூழாகிக் கரைந்துவிடும். ஈரமான செய்தித்தாளில் சுற்றி இரயிலில் நாம் கொண்டுசென்ற செடிகள் ஒவ்வோர் ஊரிலும் ஒருமுறை இப்படிக் கரைந்தன. மணலுக்குள் வேர்த்தண்டு உறுதியாக இருக்குமானால் கைவைக்க வேண்டாம். மூன்று நான்கு வாரங்களில் புதுத் தண்ணீருக்கேற்ற இலைகளுடன் அது எழுந்து நிற்கும். பணிமாற்றம் பெற்ற அலுவலரும் புது ஊரில் முதல் மாதம் ஏறத்தாழ இவ்வாறே இருப்பார் என்று சக ஊழியர் ஒருவர் சொல்லிச் சிரித்ததுண்டு.

ஒளி, மண், கரிவளி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகாலடி உயரமுள்ள தொட்டி தொடங்குவோருக்குப் பொருத்தம். சிறிய தொட்டி எளிது என்பது தவறான எண்ணம். நீர் குறையக் குறைய வெப்பமும் கழிவும் விரைவில் எல்லை மீறும். இந்த அளவுத் தொட்டி ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து எடை 85 கிலோவைத் தாண்டும் என்பதால் தாங்கும் மேசையை முதலில் முடிவு செய்க.

வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் நிறவெப்பம் குறித்த எல்இடி விளக்கு போதும். 18 வாட் விளக்கை நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு நான்கு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. நேரக்கட்டுப்பாட்டுச் சொருகி ஒன்றை வாங்கிப் பொருத்துவது விளக்கின் விலையைவிட முக்கியம். மாலையில் விருந்தினர் வந்தார்கள் என்று நள்ளிரவுவரை எரியவிடும் விளக்குதான் தொட்டிகளைப் பாசிக்காடாக மாற்றுகிறது. சன்னல் வெயில் படும் இடமும் ஆகாது.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். ஏரிக்கரையில் மிகத் தாழ்ந்த இடம் எதுவோ அதுவரைதான் தண்ணீர் நிற்கும். மற்ற இடங்களில் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. செடியின் வளர்ச்சியும் அப்படியே. ஒளி, கரி, ஊட்டம் இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியின் எல்லை. ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் வேளாண்மைக்காகப் பரப்பிய விதி இது. கரியும் ஊட்டமும் குறைந்த தொட்டியில் ஒளியை மட்டும் கூட்டினால், செடி பயன்படுத்த இயலாத அந்த ஒளியைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். பாசி வந்துவிட்டது என்று மருந்து தேடுவோர் முதலில் விளக்கின் நேரத்தை ஒரு மணி குறைத்துப் பார்க்கட்டும்.

ஜப்பானிய நிழற்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) மீன்தொட்டிக்குள் மலையும் காடும் புல்வெளியும் அமைத்து உலகையே மயக்கினார். அப்படங்களைப் பார்த்தே பலர் இக்கலைக்கு வருகிறார்கள். அவை கரிவளி உருளையும் வலிய விளக்கும் உரமும் ஓயாத கத்தரிப்பும் சேர்ந்து உருவானவை என்பதைப் படம் சொல்வதில்லை. உருளை, அழுத்தமானி, குழாய் என்று வாங்கினால், அதன் விலை தொட்டி, விளக்கு, செடி ஆகிய அனைத்தின் விலையையும் எட்டிவிடும். கரிவளி மிகுந்தால் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கும். கவனிக்கத் தவறினால் ஒரே இரவில் அனைத்தும் மடியும். தொடங்குவோருக்கு இது தேவையில்லை என்பதே நம் உறுதியான கருத்து. மேலே சொன்ன நீர்முள்ளி இனம், வாலிஸ்னேரியா, நீர்ப்பெரணி, கிரிப்டோகோரைன் எவையும் உருளை கேட்பதில்லை.

மாறாக, அமெரிக்க உயிரியலாளர் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை நம் நாட்டுக்கு மிகப் பொருந்தும். தொட்டியின் அடியில் சாதாரணத் தோட்டமண் ஓரங்குலம், அதன்மேல் மணல் ஓரங்குலம், அவ்வளவே. மண்ணிலுள்ள மட்கு சிதைந்து கரிவளியையும் ஊட்டத்தையும் செடிக்கு அளிக்கும். மணல் மண்ணைக் கலங்காமல் மூடி வைக்கும். செம்மண்ணில் இரும்பும் இருப்பதால் இலைகளின் வெளிறல் குறையும். உரமிட்ட மண்ணும் பச்சைச் சாணமும் கூடவே கூடாது. மணலைத் தேர்ந்தெடுக்கையில் அதன்மேல் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ கலந்திருக்கிறது, தண்ணீரை மேலும் கடினமாக்கும். முழுத் தொட்டிக்கும் மண்ணிட அஞ்சுவோர் சிறு மண்சட்டிகளில் செடியை நட்டு உள்ளே இறக்கலாம். அனுபியஸ், ஜாவாப் பெரணி இரண்டுக்கும் மண்ணே வேண்டா. கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். வேர்த்தண்டைப் புதைத்தால் அழுகும்.

கோடையும் மீனும்

மேல்நாட்டு நூல்கள் தொட்டியைச் சூடேற்றுவது பற்றிப் பேசும். நமக்கோ ஏப்ரல், மே மாதங்களில் அதைக் குளிர்விப்பதே கவலை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் உயிர்வளி கரைவது குறையும். பகலில் செடிகள் உயிர்வளி தருவதால் சிக்கல் தெரியாது. இரவில் செடிகளும் சுவாசித்து உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியலுக்குச் சற்று முந்தைய நேரமே மீனுக்கு மிக இக்கட்டானது. காற்றுக்குழாயை இரவில் மட்டும் ஓடவிடுவது நல்ல ஏற்பாடு. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஒன்றை வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை வெப்பம் தணியும். ஆவியான நீரை மட்டும் ஈடுசெய்து வரவேண்டும். மின்தடை மிக்க ஊர்களில் இருப்போர் மின்கலத்தில் ஓடும் காற்றுக்குழாயை வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

மீனைப் பொறுத்தவரை தங்கமீன் செடிகளைத் தின்றும் கிளறியும் தீர்த்துவிடும். வாரிங்டனின் தங்கமீன்கள் எப்படி நல்லொழுக்கத்துடன் இருந்தன என்பது வியப்பே! கப்பி, ரஸ்போரா, டெட்ரா ஆகியவை செடிகளுக்கு ஏற்றவை. வரிக்குதிரை டேனியோ என்ற சுறுசுறுப்பான சிறுமீன் கங்கைச் சமவெளிக்கு உரியது. மரபியல் ஆய்வகங்களில் உலகெங்கும் வளர்க்கப்படுவதும் இதுவே. பாசி தின்னும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளர்ந்து செடிகளை வேரோடு பெயர்க்கும். இரண்டடித் தொட்டிக்கு அது வேண்டாம். மீன் நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் நேரே ஊற்றினால் நத்தையும் இறாலும் மடியும். சில செடிகளும் தாங்கா. நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி மருத்துவம் செய்க. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும். தொட்டியை முழுதும் காலி செய்து கழுவும் வழக்கம் உள்ளிருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கழுவிவிடும்.

பொழுதுபோக்கு வருவாயாகும் வாய்ப்பும் உண்டு. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புறக்கடையில் வண்ணமீன் வளர்ப்பு அலகு அமைக்க 3 இலட்சம் ரூபாயும், நடுத்தர அலகுக்கு 8 இலட்சம் ரூபாயும் அலகுச் செலவாக வகுக்கப்பட்டன. பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம். எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடனை நாடலாம். திட்டத்தின் நடப்பு நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முதலீடு செய்யுங்கள். வண்ணமீனோடு செடியையும் பெருக்குவோருக்குக் கூடுதல் ஆதாயம் என்னவெனில், மீனுக்கு நாள்தோறும் தீனி வேண்டும். கத்தரித்து நட்ட தண்டு தானே வளரும்.

கத்தரித்த தண்டு எங்கே போகிறது என்பதையும் சொல்லவேண்டும். விரைந்து வளரும் செடிகளை மாதம் இருமுறை கத்தரிக்க நேரும். கைநிறையத் தழை மிஞ்சும். அதை அருகிலுள்ள கால்வாயிலோ ஏரியிலோ வீசுவது எளிது. 2020 நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் நீர்நிலையொன்று முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. அதைக் காண மக்கள் திரண்டனர். படங்கள் நாடெங்கும் பரவின. பூத்தது தென் அமெரிக்காவுக்கு உரிய கபோம்பா. மீன்தொட்டிகளுக்காக விற்கப்படும் செடிதான். அழகைக் கண்டு அதன் தண்டுகளைத் தம் ஊருக்கு எடுத்துச் செல்லவேண்டா என்று தாவரவியலார் எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஒரு துண்டுத் தண்டே புதுக் குளத்தை மூடப் போதும். நீர்ப்பரப்பு மூடினால் அடியில் உள்ள நாட்டுச் செடிக்கு ஒளியில்லை, மீனவர் வலைக்கு வழியில்லை, பாசன மடைக்கு ஓட்டமில்லை. ஆகாயத்தாமரை நம் ஏரிகளைச் செய்ததை நாம் எல்லாரும் பார்த்தவர்கள். எதிர்த்திசையிலும் இது நடந்தது. நம் ஊர் ஹைக்ரோஃபிலாவும் ஹைட்ரில்லாவும் மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவை அடைந்து, அங்கே கூட்டரசின் தீங்குக்களைப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டன. இங்கே எளிய பாசி. அங்கே நீர்வழிகளை அடைக்கும் களை. சக்கர் மீனும் அப்படித்தான் வளர்ப்போர் கைவிட்டதால் நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, கத்தரித்த தழையை மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். சருகான பிறகு பூந்தொட்டிகளின் அடியுரமாக இடலாம். ரோசாச் செடிகள் அதை நன்கு ஏற்கின்றன. தொட்டி மாற்றும்போது வெளியேற்றும் நீரையும் சாக்கடையில் ஊற்றாமல் அதே செடிகளுக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் நிறைந்த நீர் அது. தொட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தால், மீனையும் செடியையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் விலை தராவிடினும் பெற்றுக்கொள்வார்கள்.